கடமான் தோல் கடல் தாண்டுமா?

என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறான். ஒரு நாள் ராத்திரி அவனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மூடுபனி, வரிசையாகக் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்), தரையில் சாய்ந்து கிடக்கும் பெரிய மான். நம் நீலகிரியில் தொட்டபெட்டாப் பக்கம் யாரோ வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பின்னாலேயே அவன் குரல்: “மாமா, நம்ம ஊர்க் கடமான்தான் மாமா இது. இங்கே சுடறதுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்க. கறியைக் கொஞ்சம் காயவெச்சு, தோலையும் சுருட்டி ஊருக்குக் கொண்டுவரட்டுமா?”

அவன் சொன்னது சரிதான். 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடமான்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே காட்டில் விட்டார்கள். அங்கிருந்து கற்பூர மரமும், சீகை என்று நாம் சொல்கிற வாட்டில் மரமும் நம் மலைக்கு வந்தன. பண்டமாற்று மாதிரிதான். இரண்டு பக்கமும் வந்தது வேர்பிடித்து, இப்போது போ என்றாலும் போகமாட்டேன் என்கிறது.

பையனுக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, காட்டில் தானாக உதிர்ந்த கொம்பை எடுத்து வீட்டில் மாட்டினால்கூட வனத்துறை கதவைத் தட்டும். இது எந்தத் தேசத்துக் கடமான் என்று தோலிலா எழுதியிருக்கும்? ஆனால் அவன் விடவில்லை. “சட்டம் இருக்கட்டும் மாமா. நமீபியா, நியூசிலாந்துன்னு வேட்டைக்குப் போறவங்க தோலையும் கொம்பையும் வீட்டுக்குக் கொண்டுபோறாங்க. கறியை மட்டும் அங்கேயே விட்டுட்டு வராங்க. ஒரே மிருகம்தானே, அதென்ன கறிக்கு ஒரு நியாயம், தோலுக்கு ஒரு நியாயம்?”

நல்ல கேள்வி. விடை கொஞ்சம் கறிக்குள்ளும், கொஞ்சம் நாம் காலையில் குடிக்கிற டீக்குள்ளும் இருக்கிறது.

கறியிலிருந்து ஆரம்பிக்கலாம். இவன் முதல் தடவை கிளம்பும்போது அக்கா ஒரு டப்பா உப்புக்கண்டம் கட்டிக் கொடுத்திருந்தாள். அங்கே இறங்கிய இடத்திலேயே அது குப்பைக்குப் போயிற்று. “நாலு நாள் வெயிலில் காய்ந்த கறியில் என்ன கிருமி இருக்கப்போகிறது” என்று அக்காவுக்கு இன்றைக்கும் ஆற்றாமை. அங்கே அவர்கள் பயப்படுவது கோமாரிக்கு. மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் போடுகிற அந்த நோய் நம் ஊரில் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1872க்குப் பிறகு அது கிடையாது. ஆடு, பன்றி, மான் என்று இரட்டைக் குளம்புள்ள எதையும் அது விடாது.

கோமாரி வைரஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பு ஆகாது. புளிப்பை அளக்கிற பி.எச். என்ற எண் (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6க்குக் கீழே இறங்கினால் அதன் புரத ஓடு துண்டு துண்டாகக் கழன்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், கறி தானாகவே புளிக்கிறது. உயிரோடு இருக்கும் தசையின் பி.எச். ஏறக்குறைய 7. உயிர் போன பிறகும் தசை செல்கள் உடனே வேலையை நிறுத்துவதில்லை. சேர்த்து வைத்திருந்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சரக்கை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து லாக்டிக் அமிலமாக்குகின்றன. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதால் அந்த அமிலம் வெளியேற வழியில்லை. ஒரு நாளுக்குள் பி.எச். 5.5 பக்கம் வந்துவிடும். வெட்டிய கறியைக் குளிர்ந்த அறையில் ஒரு நாள் தொங்கவிட்டால், அதிலிருக்கும் கோமாரி வைரஸைக் கறியே கொன்றுவிடுகிறது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. தசை மட்டும்தான் புளிக்கும். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையும் நிணநீர்க் கணுக்களும் புளிக்காது. வைரஸ் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். 1967இல் இங்கிலாந்தில் பெரிய அளவில் கோமாரி பரவியபோது, அர்ஜென்டினாவிலிருந்து வந்த எலும்போடு கூடிய ஆட்டிறைச்சிதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கோமாரி உள்ள நாடுகளிலிருந்து மாட்டிறைச்சி வாங்குபவர்கள் எலும்பையும் கணுக்களையும் எடுத்த பிறகே அனுப்பச் சொல்வதன் கணக்கு இதுதான்.

வேட்டைக்கறிக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நாய் துரத்தி, குண்டடி பட்டு, மலைச்சரிவில் மைல் கணக்கில் ஓடிய மானின் தசையில் சர்க்கரை என்ன மிஞ்சியிருக்கும்? ஓட்டத்திலேயே எரிந்து தீர்ந்துபோயிருக்கும். செத்த பிறகு அமிலம் ஆக்கச் சரக்கு இல்லை, பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். அந்தக் கறி கறுத்து, விரைத்து, வெட்டுவாய் உலர்ந்து இருக்கும். சீக்கிரம் கெடவும் செய்யும். கசாப்புக் கடைக்காரர்கள் ஆட்டை விரட்டாமல், தண்ணீர் காட்டி, நிதானப்படுத்திய பிறகு வெட்டுவதில் இந்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

அப்புறம் உப்பு. உப்புக்கண்டம் கெடாமல் இருப்பது உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால்தான். பாக்டீரியா பெருகத் தண்ணீர் வேண்டும், அது கிடைக்காது. வைரஸ் கறிக்குள் பெருகுவதே இல்லை, சும்மா காத்திருக்கிறது. சும்மா இருப்பவனைப் பட்டினி போட்டு என்ன பயன்? ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். உறைய வைத்த கறியில் ஆண்டுக்கணக்கில். 2007இல் அது ஜார்ஜியாவில் தலைகாட்டியது, கப்பலிலிருந்து இறங்கிய உணவுக் கழிவு வழியாக என்று கருதப்படுகிறது. 2018இல் சீனா, 2020இல் அஸ்ஸாம், 2023 தொடக்கத்தில் நம் முதுமலை. அங்கே காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வட அமெரிக்க மான்களுக்கு வருகிற உருக்கி நோய் இன்னும் மோசம். அதற்குக் காரணமான பிரியான் என்ற கோணல் புரதம் கொதிநீருக்கே அசையாது. அதனால்தான் அங்கே பல மாநிலங்களில் மானின் மூளையையும் முதுகெலும்பையும் எல்லை தாண்ட விடுவதில்லை.

சரி, தோலுக்கு வருவோம்.

சின்ன வயதில் கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவுக்கு அப்பாவோடு போவேன். வரவேற்பறைச் சுவரில் ஒரு கடமான் தலை. கண்ணாடிக் கண்; மூக்கில் ஈரம் தெரிவதுபோல வார்னிஷ். ஆனால் இரண்டு காதுகளின் நுனியும் மொட்டை. பூச்சி அரித்துவிட்டது என்று அங்கிருந்த பட்லர் சொன்னார், நானும் வெகுகாலம் அதை நம்பினேன். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தலைகளுக்கு ஆர்சனிக் கலந்த சோப்பு பூசுவது வழக்கம். பூச்சி சுலபத்தில் அண்டாது. (பழைய தலைகளைத் தொட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.) காது மொட்டையானது சுவரில் ஏறியபின் அல்ல, சுட்ட அன்றைக்கே.

மயிர்க்கால் என்பது மேல்தோல் உள்ளே குழிந்து உண்டான சின்னக் குழாய். மான் செத்து உடம்பு சூடாகவே கிடந்தால், பாக்டீரியா முதலில் கரைப்பது அந்தக் குழாயின் சுவரைத்தான். பிடிமானம் போய்விடும், விரலால் இழுத்தால் மயிர் கொத்தோடு வரும். இதைத் தடுக்க வேட்டைக்காரனுக்குச் சில மணி நேரம்தான் அவகாசம். உரிக்க வேண்டும், ஒட்டியிருக்கும் கறியையும் கொழுப்பையும் சுரண்ட வேண்டும், தோலின் எடையில் ஏறக்குறைய பாதி அளவு உப்பைத் தேய்க்க வேண்டும். காதில்தான் ஆள் தோற்பான். முன்தோலுக்கும் பின்தோலுக்கும் நடுவே குருத்தெலும்பு இருக்கிறது. காதை சாக்ஸைப் புரட்டுவது போல நுனிவரை உட்புறமாகத் திருப்பி, உள்ளே உப்பு வைத்தால்தான் நுனிக்கு எட்டும். மழையில், லாந்தர் வெளிச்சத்தில், யாரோ பாதியிலேயே கையை எடுத்திருக்கிறார்கள். பதப்படுத்த மைசூருக்கு அனுப்புவதென்றால் மாட்டு வண்டிதான். தென்னிந்திய வேட்டைத் தலைகளுக்குப் பேர்போன வான் இங்கன் பட்டறை மைசூரில் 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை நடந்தது. எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும், உதிர்ந்த மயிரைத் திரும்ப நடமுடியாது.

உப்பிட்ட தோலும் இன்னும் பச்சைத் தோல்தான். நோய் விஷயத்தில் கறிக்குப் பங்காளி. ஆனால் இதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. கோமாரி வைரஸுக்குப் புளிப்பு ஆகாதது போலவே காரமும் (மிளகாய்க் காரமல்ல, சோடாவின் காரம்) ஆகாது, பி.எச். 9ஐத் தாண்டினால் செத்துப்போகும். எனவே தோலுக்கு இடும் உப்பில் நூற்றுக்கு 2 பங்கு சலவைச் சோடா கலந்து 28 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது உலக விலங்குச் சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட முறை. கறியில் சோடா போட்டு 28 நாள் வைத்தால் அதை யார் தின்பது?

இதிலும் தப்பிக்கிற கிருமி உண்டு. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் பாக்டீரியா விதைபோன்ற ஓட்டுக்குள் சுருண்டுகொண்டு, உப்பிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். 2006இல் நியூயார்க்கில் மேளம் செய்பவர் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆட்டுத்தோலின் மயிரைச் சுரண்டும்போது அந்தத் தூசியை மூச்சில் இழுத்து அடைப்பானில் படுத்தார். பச்சைத் தோலை அங்கீகாரம் பெற்ற பட்டறைக்கு நேராக அனுப்பு, வீட்டுக்கு எடுத்துப்போகாதே என்று பல நாடுகள் சொல்வது இப்படிப்பட்ட ஆபத்துகளுக்குப் பயந்துதான்.

பதனிட்ட தோல் வேறு ஜாதி. தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம்: மூன்று இழைகளை முறுக்கிய கயிறு, அப்படிக் கோடிக்கணக்கான கயிறுகள் பின்னிய பாய். பச்சைத் தோலில் ஒரு சின்னத் துண்டை வெட்டி அடுப்பில் ஏறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். 60, 65 டிகிரி வந்ததும் முறுக்கு அவிழ்ந்து, துண்டு அப்பளம்போலச் சுருண்டு மூன்றில் ஒரு பங்காகிவிடும். இன்னும் கொதித்தால் கரைந்து வஜ்ரப் பசை. பதனிடுவது என்றால் அந்தக் கயிறுகளுக்கு நடுவே குறுக்குக் கட்டுப் போடுவது. துவர்ப்புப் பொருளான டேனின் அந்த வேலையைச் செய்கிறது. கடுந்தேநீர் குடித்ததும் நாக்கு வறண்டு இழுக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள புரதங்களை டீயின் துவர்ப்பு சேர்த்துக் கட்டுவதுதான் அது. ஒரு வாய் டீக்குள் நாக்கைக் கொஞ்சமாகப் பதனிட்டுக்கொள்கிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

நம் ஆட்கள் இதற்கு ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் வைத்திருந்தார்கள். பிறகு பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டும் என்றுதான் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியெல்லாம் சீகையை நட்டார்கள். புல்வெளி போனது போனதுதான். தோலை எடுத்ததும் கெட்டியான பட்டைச் சாற்றில் முக்கக்கூடாது. மேற்பரப்பு மட்டும் கட்டி இறுகி, நடுவில் பச்சையாகவே நின்றுவிடும். நீர்த்த சாற்றில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் கெட்டியாக்க வேண்டும். 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குரோம் முறை இதே காரியத்தை ஓரிரு நாளில் முடிக்கிறது. குரோம் பதனிட்ட துண்டு கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பதம் வந்ததா என்று இன்றும் அப்படித்தான் பார்க்கிறார்கள். சுண்ணாம்பு, அமிலம், துவர்ப்பு என்று இத்தனையும் தாண்டி வந்த தோலில் கோமாரி வைரஸ் பிழைத்திருக்க வழியில்லை, பாக்டீரியாவாலும் அதைச் சுலபமாகத் தின்ன முடியாது. சதை ஒட்டாமல் வேகவைத்து வெளுத்த மண்டையோடும் கொம்பும் இதே காரணத்தால்தான் எல்லை தாண்டுகின்றன.

பையனுக்கு இதையெல்லாம் நாலைந்து குரல் பதிவாக அனுப்பினேன். தோலை அங்கேயே ஒரு பதனிடும் கடையில் கொடுத்துவிட்டானாம். சீகைப் பட்டையில்தான் ஊறுகிறதாம். அந்தச் சீகைக்கு விக்டோரியாதான் சொந்த ஊர்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். “எழுபது டிகிரியில அரை மணி நேரம் வேகவெச்சா அந்தப் பூச்சி சாகுமாடா?” என்றாள். சாகும், கோமாரி, பன்றிக் காய்ச்சல் இரண்டுக்கும் சர்வதேச அளவுகோலே அதுதான் என்றேன். “அப்போ கண்டத்தை வேகவெச்சே அனுப்பறேன்.” வெந்ததா, எத்தனை டிகிரியில் வெந்தது என்று பெட்டியைத் திறக்கிறவர் டப்பாவைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பருப்புப் பொடிக்கு மிளகாய் வறுக்க ஆரம்பித்தாள்.