காரீயப் படிவு

ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் புளித்தண்ணீரை ஊற்றாமல் அடுப்பில் ஏற்றவே மாட்டார்கள். வெறுஞ்சொம்பு 232 டிகிரி சூட்டில் உருகிப் பர்னரில் வழிந்துவிடும். கும்பகோணம் கடைத்தெருவில் 'ஈயம்' என்று கேட்டு வாங்கும் அந்தச் சொம்பு வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டு வார்ப்பது காரீயத்தில். கருமை + ஈயம். 327 டிகிரியில் உருகும், நஞ்சு.

வார்த்த குண்டைச் சுடும்போது துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் காரீயத்தை ஆங்கிலத்தில் 'லெடிங்' என்கிறார்கள். உலோகத்தின் பெயரையே வினையாக்கிய சொல். தமிழில் சிலர் 'ஈயப் பூச்சு' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈயம் பூசுவது பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் விரும்பிச் செய்கிற காரியம். இது குறி தவறவைக்கும் கேடு. வாய்க்காலில் வண்டல் படிவதுபோலச் சுடச்சுடச் சேர்வதால் 'காரீயப் படிவு' என்பதே பொருந்தும்.

ஏன் படிகிறது? குண்டு மென்மையாக இருப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அளவுதான் காரணம். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இம்மி இடுக்கு இருந்தாலும் வெடிமருந்தின் சூடான வாயு அதில் பீறிடும். சின்ன எலிவளை வழியே தண்ணீர் கசிந்து கரையை அரிக்குமே, அப்படிக் குண்டின் ஓரத்தை அரித்து, உருக்கி, சுவரில் அப்பிவிடும். அதனால்தான் தோட்டாவைத் தாமே நிரப்புவோர், குழலின் புரிப்பள்ள விட்டத்தைவிட (உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களின் அடியில் அளக்கும் விட்டம்) அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிய குண்டாகத் தேர்கிறார்கள். மிகக் கடினமான குண்டும் உதவாது. மருந்தின் அழுத்தம் குறைவாக இருந்தால் அது விரிந்து இடுக்கை அடைக்காது. வேகம் கூடும்போது குண்டின் அடியில் செம்புக் கிண்ணி ஒன்றை மாட்டுவார்கள்; அதை 'வாயுத்தடை' எனலாம்.

அப்புறம் மசகு. குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தடவும் மசகு பெரும்பாலும் தேன்மெழுகு கலந்தது. சுவாமிமலை ஸ்தபதிகள் குங்கிலியம் சேர்த்துச் சிலைக்கு உரு பிடிக்கிறார்களே, அதே தேன்மெழுகு.

படிந்தே விட்டால்? ஜூன் 12 மேட்டூர் திறக்கும் முன் நாம் செய்கிற வேலைதான்: தூர்வாருதல். வெண்கலத் தூரிகையால் சுரண்டும்போது சாம்பல் நிறச் சருகுபோல் உதிரும். அதைத் தொட்ட கையை நன்றாகக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது.