லாயமா, பந்தியா?

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு அச்சகத்தில் கையேடு ஒன்றின் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவைப் பற்றிய பக்கத்தில் 'குதிரை லயம்' என்று இருந்தது. கால் விடுபட்டிருக்கிறது, சரி, போட்டுவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் மலையகத் தோட்டங்களைப் பற்றிய பக்கத்தில் 'தொழிலாளர் லாயங்கள்' என்று இருந்தது. அதுதான் மனசைச் சுட்டது. லாயம் குதிரை கட்டும் இடம். தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்த வீட்டுக்கு அந்தப் பெயரா?

லயமும் லாயமும் வேறு வேறு சொற்கள். தோட்டத் தொழிலாளர் வீடுகளைச் சொல்லும் லயன், லயம் என்பவை வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை. வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள் என்பதால் அந்தப் பெயர். லாயத்துக்கும் அதற்கும் உறவில்லை. லாயம் தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் புழங்குகிறது. தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது என்பதால் பழைய ஏடுகளில் 'இலாயம்' என்று எழுதுவார்கள். கொழும்பில் சிங்கள நண்பர்கள் 'இஸ்தால' என்பார்கள். அது ஐரோப்பியர் விட்டுப்போன சொல்.

அப்படியானால் குதிரை கட்டும் இடத்துக்கு நமக்கென்று என்ன சொல்? நிகண்டுகளில் 'மந்துரை' இருக்கிறது, ஆனால் இன்று சொன்னால் யாருக்கும் விளங்காது. 'கொட்டில்' என்றால் மாடுதான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'பந்தி'. கல்யாண வீட்டில் பந்தி வைக்கிறோமே, அதேபோல் விலங்குகளை வரிசையாக நிறுத்திக் கட்டும் இடமும் பந்திதான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆனைப்பந்தி என்று இடப்பெயரே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது தினம் சொல்கிற பெயர். ஆனைக்குப் பந்தி என்றால் குதிரைக்கும் பந்திதானே.

நெடுந்தீவுக்குப் போனால் இந்தச் சொல்லின் பொருத்தம் கண்ணாலேயே தெரியும். குறிகாட்டுவானில் படகேறிப் போய் இறங்கிப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லப்படும், குதிரை கட்டிய அந்தக் கட்டடத்துக்கு இப்போது கூரை இல்லை. முருகைக்கல்லால் எழுப்பிய தூண்கள் மட்டும் வரிசை பிடித்து நிற்கின்றன. கிட்டப் போய்த் தடவினால் கல்லில் பவளப்பூச்சிகளின் சின்னச் சின்னக் குழிகள் விரலில் படும். தீவின் வளவுகளைச் சுற்றியும் அதே கல்தான், சாந்து பூசாமல் அடுக்கியது. அதை மதில் என்று எழுத வேண்டும். சுவர் என்றால் கூரையைத் தாங்குவது.

  

அச்சுப்படியில் 'குதிரைப்பந்தி' என்று திருத்தி, பழகியவர்களுக்காகப் பக்கத்தில் 'லாயம்' என்றும் எழுதினேன். அப்புறம் மலையகப் பக்கத்தைத் திருப்பி, 'லாயங்கள்' என்பதை அடித்துவிட்டு 'லயன் வீடுகள்' என்று போட்டேன்.