பிளக் நுழைந்துவிட்டால் போதுமா? எரிவாயுவுக்கு மாற்று தேடும் வீடுகளுக்கு ஒரு மின்பணியாளரின் வேண்டுகோள்

சென்ற வாரம் பாளையங்கோட்டை அருகே ஒரு வீட்டிலிருந்து மாலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. சமையலறையில் கருகிய வாடை வருகிறது, ஆனால் எங்கும் தீ தெரியவில்லை என்றார்கள். நான் போய்ச் சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது, பிளக் பாயிண்டின் பின்புறம் உருகி வழிந்திருந்தது. ஒயரின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதில் மாட்டியிருந்தது, சிலிண்டர் தீர்ந்து புதியது வர நாளாகும் என்பதற்காகக் கடைத்தெருவில் ஐந்நூறு ரூபாய்க்குள் வாங்கிய 2000 வாட் காயில் அடுப்பு. அந்த வீட்டு அம்மாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன்பே, குழம்பைக் கிண்டும்போது எவர்சில்வர் கரண்டி வழியாக மின்சாரம் தாக்கியிருக்கிறது. "லேசாத்தான் இழுத்துச்சு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் முதல் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு அதே அடுப்பில் சமைத்திருக்கிறார்.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஆறாவது கருகிய சமையலறை இது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளுக்கு ஒயரிங் செய்து வருபவன் என்ற முறையில், இனியும் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. எரிவாயுச் செலவைக் குறைக்க விரும்புவதில் எந்தத் தவறும் இல்லை. நம் நாட்டில் பயன்படும் சமையல் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதியாகிறது. விலை ஏறுவதும் வரத்து தாமதமாவதும் நம் கையில் இல்லை. ஆனால் அடுப்பை மாற்றுகிறவர்கள், அந்த அடுப்புக்கு மின்சாரம் கொண்டுவரும் சுவருக்குள்ளிருக்கும் ஒயரைப் பற்றி ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும்.

நான் போகும் எல்லா வீடுகளிலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணாச்சி, டிரிப்பர் விழவே இல்லையே, அப்புறம் எப்படிக் கருகும்?" மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சைத்தான் டிரிப்பர் என்கிறார்கள். இந்தக் கேள்வியின் தொடர்ச்சியாக, "ஏழெட்டு வருசமா மிக்ஸி ஓடின பாயிண்ட்தானே" என்பதும் தவறாமல் வரும். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் உடைக்காமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

500 வாட் மிக்ஸி, 230 வோல்ட் மின்சாரத்தில் இழுப்பது ஏறத்தாழ 2.2 ஆம்பியர், 2000 வாட் அடுப்பு இழுப்பது 8.7 ஆம்பியர், அதாவது நான்கு மடங்கு. பழைய பிளக் பாயிண்டுக்குள் பித்தளை நாக்கு தளர்ந்தோ, திருகு இளகியோ இருந்தால் அந்த இணைப்பில் அரை ஓம் அளவு மின்தடை உண்டாவது அரிதல்ல. அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மிக்ஸி ஓடும்போது அது இரண்டரை வாட்டுக்கும் குறைவு. கை வைத்தாலும் தெரியாது. அடுப்பு எரியும்போது அதே இடத்தில் 38 வாட். எங்கள் பெட்டியில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்கும். அதைவிட ஒன்றரை மடங்கு சூட்டை உங்கள் சுவருக்குள், பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, ஒரு மணி நேரம் எரியவிடுகிறீர்கள். மிக்ஸியோ ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. எனவே, எட்டு வருடம் மிக்ஸி ஓடியது என்பது அந்தப் பாயிண்டுக்குக் கிடைத்த நற்சான்று ஆகாது.

டிரிப்பர் ஏன் விழவில்லை? அது விழ வேண்டிய காரணமே அங்கே இல்லை. டிரிப்பருக்குத் தெரிவது தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தின் அளவு மட்டுமே. 16 ஆம்பியர் டிரிப்பருக்கு 8.7 ஆம்பியர் என்பது சுமையே இல்லை. பத்து ஆம்பியர் டிரிப்பரும் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆறு ஆம்பியர் டிரிப்பர் இருந்தால்கூட, இந்த அளவு மிகைச்சுமைக்கு அது விழ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் சமையல் முடிந்துவிடும். இருபதடி தள்ளி ஒரு திருகின் அடியில் பிளாஸ்டிக் உருகுவதை அறிய அதற்குக் கண் கிடையாது. இதில் இன்னொரு கொடுமை, டிரிப்பர் விழுந்த வீடுகளில் அதை "வீக்காகிவிட்டது" என்று கழற்றி 32 ஆம்பியர் மாட்டித் தரச் சொல்கிறார்கள். மாட்டித் தருகிற பணியாளர்களும் இருக்கிறார்கள். பழைய பியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பதும் இதே வகைதான். ஒயர் ஒன்றரை ஸ்கொயராகவோ (குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை சதுர மில்லிமீட்டர்) அதற்கும் சிறியதாகவோ இருக்கும்போது டிரிப்பரை மட்டும் பெரிதாக்கினால், முதலில் எரிவது ஒயர்.

நம் ஊர்களில் பல வீடுகளின் ஒயரிங், நான்கு பல்பும் இரண்டு மின்விசிறியும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. 2011க்குப் பிறகு அரசின் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. அவற்றையும் அதே ஒயர் தாங்கியது. இப்போது அதன் தலையில் அடுப்பை ஏற்றுகிறோம். அதற்குத் துணையாகக் கன்வெர்ட்டர் பிளக் என்ற ஒரு பொருளை முப்பது ரூபாய்க்கு விற்கிறார்கள். அடுப்புக்கு நிறுவனம் தடித்த முள் கொண்ட 16 ஆம்பியர் பிளக்கைப் போட்டு அனுப்புவதே, அது சிறிய பாயிண்டில் நுழையக் கூடாது என்பதற்காக. நுழையாததை நுழைய வைக்கும் அந்தப் பொருளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. அதன் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு அடுப்பை ஓட்டினால் சுருளுக்குள்ளேயே உருகும். பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இன்னும் இருக்கிறது; அங்கே செப்பு ஒயரோடு முறுக்கிச் சேர்த்த இணைப்புகள் ஒவ்வொன்றும் சந்தேகத்துக்குரியவை.

காயில் அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீங்கான் தட்டின் பள்ளத்தில் நிக்ரோம் கம்பிச்சுருள் மூடியின்றி ஓடுகிறது. அதில் நேரடியாக 230 வோல்ட் இருக்கிறது. சுருள் சற்றே மேலெழும்பினாலும், உப்புக் கலந்த குழம்போ கஞ்சியோ பொங்கி வழிந்தாலும் பாத்திரத்துக்கு மின்சாரம் ஏறும். பிளக்கில் எர்த் முள் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த எர்த், அடுப்பின் இரும்புச் சட்டத்துக்குத்தான். மேலே பீங்கான்மீது உட்கார்ந்திருக்கும் பாத்திரத்துக்கு அது பாதுகாப்புத் தரும் என்று நம்பவே முடியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குழாயுமாக நிற்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ரப்பர் செருப்பு இதற்குத் தீர்வு அன்று. இத்தகைய அடுப்பை எந்த விலைக்கும், இலவசமாகக் கிடைத்தாலும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? இண்டக்‌ஷன் அடுப்பில், போடும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் பாத்திரத்துக்குச் சேர்கிறது. வீடுகளில் எரிவாயுச் சுடரில் 60 சதவீதத்தை ஒட்டியே சேரும். காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரம் மட்டுமே அதற்குப் பொருந்தும் என்பதால், அலுமினியக் குக்கர் வைத்திருப்பவர்கள் பாத்திரச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். மண்சட்டியும் அலுமினியமும் விட முடியாதவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு இருக்கிறது. அதில் மின்சாரம் சற்றுக் கூடுதலாகும், கண்ணாடியும் அணைத்தபின் நெடுநேரம் சுடும். சோறு மட்டும் வடிக்க வேண்டுமென்றால் 700 வாட் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் போதும். அரை மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும், ஒயருக்கும் பெரிய சுமையில்லை. வசதி குறைந்த, ஒயரிங் மாற்ற உடனடியாகப் பணமில்லாத வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

செலவுக் கணக்கிலும் ஒரு தெளிவு வேண்டும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 125 முதல் 130 யூனிட் ஆகும். சிலிண்டர் விலையை 870 ரூபாய் என்றும், ஒரு சிலிண்டர் 45 நாள் வருவதாகவும் கொண்டால், இரண்டு மாத எரிவாயுச் செலவு 1,160 ரூபாய். அதற்கு இணையான மின்சாரம் ஏறத்தாழ 170 யூனிட். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணத்தின்படி பார்த்தால், இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீடு 420 யூனிட்டுக்குப் போகும்போது கூடுதல் கட்டணம் 850 ரூபாயை ஒட்டியே வரும், அது லாபம். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும், குளிர்சாதனப் பெட்டி உள்ள வீடு முழுச் சமையலையும் மாற்றினால் 570 யூனிட்டாகும். 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய், மேலே உள்ளவை எட்டு ரூபாய்க்கு மேல் ஏறி, கூடுதல் செலவு 1,500 ரூபாயை நெருங்கும், அது நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் பிடித்தார் என்பதற்காக நீங்களும் மாற வேண்டியதில்லை. உங்கள் மின்கட்டண ரசீதை எடுத்துவைத்து, 500க்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளி அளவுக்குச் சமையலை மாற்றினால் போதும்.

மின்சாரமே வேண்டாத மிச்சமும் உண்டு. பருப்பையும் பயறையும் ஊறவைப்பது, மூடி போட்டுச் சமைப்பது ஆகியவற்றை நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தெர்மல் ரைஸ் குக்கர் கேரளத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இங்கே ஏனோ பரவவில்லை. அரிசி நன்றாகக் கொதிக்கத் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆனதும் பாத்திரத்தை அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடினால், மிச்ச வேலையைத் தேங்கிய சூடே முடித்துவிடும். கொதி வராமல் உள்ளே வைக்காதீர்கள். முடிந்தபின் நாள் முழுவதும் அதிலேயே விட்டுவைக்கவும் கூடாது. இரண்டு மூன்று மாடுகள் உள்ள வீடுகள் சாண எரிவாயுக் கலனைப் பற்றி விசாரிக்கலாம். நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் ஏறத்தாழ ஒரு கனமீட்டர் வாயு தரும், அது சிலிண்டர் வாயு 400 கிராமுக்குச் சமம். விறகடுப்பை முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரியடுப்பை மட்டும் கதவடைத்த அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. அதன் புகையற்ற நச்சுவாயு மணமின்றிக் கொல்லும்.

இண்டக்‌ஷன் அடுப்புதான் என்று முடிவெடுத்தவர்கள், அடுப்பு வாங்கும் முன் உரிமம் பெற்ற பணியாளர் ஒருவரை அழைத்துச் சமையலறைக்கென்று மெயின் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஸ்கொயர் செப்பு ஒயர், 16 ஆம்பியர் பாயிண்ட், அதற்கு 16 ஆம்பியர் டிரிப்பர். கெட்டிலோ ஓவனோ அதே லைனில் சேரும் என்றால் நான்கு ஸ்கொயர் ஒயரும் அதற்கேற்ற டிரிப்பரும் வேண்டும். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு மனிதர் வழியாக மின்சாரம் கசிவதை உணர்ந்து துண்டிப்பது அதுதான், சாதாரண டிரிப்பருக்கு அந்த வேலை தெரியாது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த் குழியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கோடையில் மண் வறண்டு, பெயருக்கு எர்த் இருக்கும் வீடுகளே அதிகம். சிறிய வீட்டில் இவையெல்லாம் சேர்ந்து நான்கைந்து சிலிண்டர் விலைக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் அடுப்பை ஓட்ட முயலாதீர்கள். மின்தடை நேரத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கட்டும்.

அடுப்பை அணைத்தவுடன் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால், அல்லது பாயிண்டைச் சுற்றி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், அன்றைக்கே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். கருகிய வாடைக்குக் காத்திருக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை வீட்டில் அன்றிரவே கருகிய லைனைத் துண்டித்துவிட்டு, மறுநாள் புதிய லைன் இழுத்துக்கொடுத்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது, அந்த அம்மா காயில் அடுப்பைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சிலிண்டர் இணைப்பு இல்லை, அவளுக்காவது உதவட்டும் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் அதைக் கேட்டு வாங்கி, ஒயரை அடியோடு வெட்டி, சுருளையும் பிடுங்கியபின்தான் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் வீட்டில் எர்த்தே கிடையாது. அவள் வீட்டு ஒயரிங்கை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கித் தருவதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஒரு பாயிண்ட் போட்டுக்கொடுப்பதாக நான் சொல்லியிருக்கிறேன்.