சோடியம் குறைந்தால் உப்பு கரைத்துக் கொடுக்காதீர்கள்

களியக்காவிளை முதல் குழித்துறை வரை, எந்த வீட்டில் ஒரு முதியவர் சோர்ந்து படுத்தாலும் இப்போது முதலில் வரும் பேச்சு, உப்பில் இருப்பதும் இரத்தத்தில் கரைந்திருப்பதுமான சோடியம்தான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதே பேச்சு. "அம்மாவுக்குச் சோடியம் குறைந்துவிட்டது டாக்டர்" என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறார்கள். இந்த அளவுக்கு மக்களுக்குத் தெரிந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அடுத்து அவர்கள் சொல்வதுதான் வயிற்றைக் கலக்குகிறது: "அதனால் மோரில் உப்பு கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்."

சென்ற வாரம் வந்த அம்மச்சிக்கு வயது 72. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இரத்த அழுத்தக்காரர் என்பதால் கஞ்சியில் உப்பே சேர்க்கவில்லை. நீர்ச்சத்து போய்விடக் கூடாதென்று சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீர் பிரியச் செய்யும் மருந்து கலந்த பி.பி. மாத்திரையும் நிற்காமல் போயிருக்கிறது. இரண்டாம் நாள் இரவு மருமகளையே யாரென்று கேட்டிருக்கிறார். லேப் ரிப்போர்ட் கைபேசியில் வந்தது: சோடியம் 118. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். விடியும்வரை உப்பு மோர் கொடுத்துப் பார்த்துவிட்டு, வலிப்பு வந்த பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். அம்மச்சி பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

ரிப்போர்ட்டில் உள்ள சோடியம் எண், உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் உயிர் போவது இங்கேதான். அந்த எண் சொல்வது, ஒரு லிட்டர் இரத்தநீரில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். 135 முதல் 145 வரை சரியான அளவு. உப்பு சரியாக இருக்கும் குழம்பில் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றினால் குழம்பு சப்பென்று ஆகும். போட்ட உப்பு எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் கூடிவிட்டது. சோடியம் குறையும் முதியவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். கூடுதலாக வந்த தண்ணீரைச் சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியவில்லை. காரணம் மாத்திரையாக இருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், இதயமோ ஈரலோ தளர்ந்ததாக இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம்.

இதயம் தளர்ந்து காலெல்லாம் வீங்கியிருப்பவரின் உடம்பில் உப்பும் அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். அவருடைய ரிப்போர்ட்டிலும் சோடியம் 126 என்றே வரும். அவருக்கு உப்பு மோர் கொடுத்தால் மேலும் தண்ணீர் தேங்கி, நள்ளிரவில் மூச்சுத் திணறும். ஒரே எண், நேர் எதிரான வைத்தியம். எண்ணைப் பார்த்து வீட்டில் முடிவெடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

சோடியம் கூடினால் இதே தவறு தலைகீழாக நடக்கிறது. பக்கவாதத்தில் படுத்த ஒரு பெரியவருக்குச் சோடியம் 158. உப்பு கூடிவிட்டதென்று வீட்டில் கஞ்சி உப்பை நிறுத்தினார்கள். அவருக்குக் குறைந்திருந்தது தண்ணீர். படுக்கை நனையும், டயப்பர் அடிக்கடி மாற்ற வேண்டும் என்று நாளுக்கு இரண்டு மூன்று டம்ளரோடு நிறுத்தியிருந்தார்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. பேச முடியாதவர் தாகம் என்று எப்படிச் சொல்வார்?

"இரத்தத்தில் நீர்ச்சத்து எவ்வளவு என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி ஒற்றை டெஸ்ட் கிடையாது. ஆஸ்மொலாலிட்டி என்று ஒன்று இருக்கிறது. இரத்தநீரில் கரைந்திருக்கும் துகள்கள் மொத்தம் எவ்வளவு என்பதை அது சொல்லும். 275 முதல் 295 வரை இயல்பு. எல்லா லேபிலும் அதை நேரடியாக அளக்கும் கருவி இருக்காது, ஆனால் கையில் உள்ள ரிப்போர்ட்டை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். சோடியத்தை இரண்டால் பெருக்கி, சர்க்கரையை 18ஆலும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான யூரியாவை 6ஆலும் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். அந்த அம்மச்சிக்கு 236, 6, 5, ஆக 247. இரத்தம் அந்த அளவுக்கு நீர்த்துப்போயிருந்தது. தண்ணீர் மூளைக்குள் புகுந்து வீங்கவைத்ததால்தான் வலிப்பு. படுக்கையில் இருந்த பெரியவருக்கு யூரியாவும் ஏறிப்போய், கூட்டினால் 340க்கு மேல். சர்க்கரை 500, 600 என்று ஏறியவர்களுக்குச் சோடியம் குறைவாகக் காட்டினால், முதலில் கவனிக்க வேண்டியது சர்க்கரையைத்தான்; அதுதான் தண்ணீரை இரத்தத்துக்குள் இழுத்து நீர்க்கவைக்கிறது.

சோடியம் சரியாக இருந்தால் உடம்பில் நீர்ச்சத்தும் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. வாந்தியிலும் பேதியிலும் உப்பும் தண்ணீரும் ஒரே விகிதத்தில் வெளியேறினால் எண் அசையாது. செங்கல் சூளையில் வேலை செய்யும் ஓர் இளைஞரின் ரிப்போர்ட்டில் சோடியம் 138. "எல்லாம் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே தாளில் யூரியா 84, அதைப் போன்ற இன்னொரு கழிவான கிரியாட்டினின் 1.8, ஹீமோகுளோபின் 17. மூன்றும் ஏறியிருந்தது நீர் வற்றியதன் அடையாளம். நாக்கு வறண்டு கிடந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. தாளைப் பார்த்தவர்கள் ஆளைப் பார்க்கவில்லை. யூரியா ஏறினால் நீர்வற்றல்தான் என்றும் முடிவு கட்ட முடியாது. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தாலும் யூரியா ஏறும், அப்போது மலம் தார்போலக் கறுத்துப் போகும். அதையும் கேட்டுத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.

சில லேப்களில் யூரியா என்று போடுவார்கள், சில லேப்களில் யூரியா நைட்ரஜன் என்று போடுவார்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருக்கும். இங்கே ஒரு லேபிலும் திருவனந்தபுரத்தில் வேறொரு லேபிலும் எடுத்துவிட்டு, சிறுநீரகம் பாதி குணமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரத்தம் எடுக்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிரிப் ஓடும் கையில் தயவுசெய்து இரத்தம் எடுக்காதீர்கள். பாட்டிலில் இருப்பதுதான் ரிப்போர்ட்டில் வரும்.

டிரிப் என்றதும் நினைவுக்கு வருகிறது. சோர்வாக இருக்கிறது, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள் என்று கேட்காதீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. உடம்பு அதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். சோடியம் 118 இருப்பவருக்கு அதை ஏற்றினால் எண் இன்னும் இறங்கும். வேகமாகச் சோடியத்தை ஏற்றுவதும் ஆபத்து. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரை மட்டுமே உயரலாம் என்று நாங்கள் வரம்பு வைத்திருக்கிறோம். மீறினால் மூளைத்தண்டு பாதித்து, பேச்சும் கைகால்களும் போகலாம். பெரிய ஆஸ்பத்திரியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போகிறீர்கள், அது பணம் பிடுங்க அல்ல.

வயிற்றுப்போக்கு தொடங்கினால், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் கலவையான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குழந்தை குடிக்கவில்லை என்று முழுப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தையின் சோடியம் எகிறும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். கடையில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சிறுநீர் பிரியச் செய்யும் மருந்துகளான குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு என்று மாத்திரை அட்டையில் இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். அந்த மாத்திரையைத் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் ஒருமுறை சோடியம் பார்க்க வேண்டும், முக்கியமாக வயதான பெண்களுக்கு. வாந்தி, பேதி வந்த அன்று அதை விழுங்குவதற்கு முன் மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நீங்களாகவே நிரந்தரமாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

வீட்டுப் பெரியவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், தூங்கிக்கொண்டே இருந்தால், நடை தள்ளாடினால், ரிப்போர்ட்டுக்காகவோ விடியலுக்காகவோ காத்திருக்காதீர்கள். வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நரம்புக்கும் மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் வேறு இடத்தில் வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோன அட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும்.