மார்பில் பூச்சிக்கடி: உற்றுப் பார்ப்பதும் ஒழுங்காகப் பதிவதும்

"நெஞ்சில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது, டாக்டர்" என்று வருபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பூச்சியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். இரவில் தூங்கியிருப்பார்கள், காலையில் குளிக்கும்போது தடிப்பு கண்ணில் பட்டிருக்கும். ஆகவே கடித்தது எது என்று ஆராய்வதற்கு முன், அது கடிதானா என்று உறுதிசெய்வதே தோல் மருத்துவராக எனது முதல் வேலை.

கொசுவோ மூட்டைப்பூச்சியோ கடித்த இடத்தில் அரிப்புடன் சிவந்த சிறு தடிப்பு எழும். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அதன் நடுவே குத்துப்புள்ளி தெரியும். மூட்டைப்பூச்சிக் கடிகள் பல நேரம் மூன்று நான்காக ஒரே வரிசையில் இருக்கும். மார்பு பெரும்பாலும் துணி மூடிய இடம் என்பதால், சட்டையின்றிப் படுத்தாரா, கொடியில் காய்ந்த துணியை உதறாமல் உடுத்தினாரா என்று கேட்பது வீண் பேச்சல்ல. தடிப்புகள் ஒரு நாளுக்குள் மறைந்து வேறிடத்தில் எழுந்தால் அது காணாக்கடி. எந்தப் பூச்சியும் கடிக்காமலே அது வரும்.

ஏமாற்றக்கூடியவை மூன்று. மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் தொடங்கி, பிறகு கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். ஆசிட் பூச்சி கடிப்பதில்லை. உடம்பில் ஊர்வதை நாம் நசுக்கும்போது வெளிப்படும் நீர் பட்ட கோட்டில் தோல் வெந்துவிடுகிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது: அக்குளிலோ மார்பகத்துக்கு அடியிலோ, வலியும் அரிப்பும் இல்லாமல், சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருந்து, காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்தால், அது ஸ்கிரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வேலூர் வட்டாரத்தில் மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் இது அரிதல்ல. டாக்ஸிசைக்ளினுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய்தான். ஆடையை விலக்கிப் பார்க்காவிட்டால் அந்தப் பொருக்கு கண்ணில் படாமலே போய்விடும்.

சாதாரணக் கடிக்கு வைத்தியம் எளிது. சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்து, கலமைன் அல்லது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பைத் தடவினால் போதும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் பெரியவர்களுக்கு இரவில் செட்டிரிசின் 10 மில்லிகிராம் கொடுக்கலாம். சுண்ணாம்பும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். சிவப்பு நாளுக்கு நாள் பரவி, சூடும் வலியும் சேர்ந்தால் கிருமித் தொற்று என்று கொள்ள வேண்டும். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் களிம்பைத் தேடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். அங்கே தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும்.

இனி, சென்னையிலும் திருச்சியிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவக் குறிப்புகளைக் கோடிங் செய்யும், அதாவது நோய்களுக்கு உரிய குறியீடுகளை இடும், பிள்ளைகளுக்காக. ஐசிடி-10-சிஎம் (ICD-10-CM) என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டு முறையில், நஞ்சற்ற பூச்சிக்கடி மார்பின் முன்சுவரில் வலப்புறம் என்றால் எஸ் 20.361, இடப்புறம் என்றால் எஸ் 20.362, மார்பகத்தில் என்றால் எஸ் 20.16 வரிசை, முதுகுப்புறச் சுவரில் என்றால் எஸ் 20.46 வரிசை. ஏழாவது இடத்தில் ஏ (A, சிகிச்சைக் கட்டம்), டி (D, அதன் பிறகு ஆறிவரும் கட்டம்), எஸ் (S, பின்விளைவு) ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். முதல் வருகைக்கு மட்டுமே ஏ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முனைப்பான சிகிச்சை தொடரும் வரை ஏ-தான். கடித்த காரணத்தைச் சொல்லும் டபிள்யூ 57-ஐயும் சேர்க்கலாம். அதில் ஏழாவது எழுத்துக்கு முன் மூன்று எக்ஸ் இட மறந்தால் குறியீடு செல்லாது. தேனீ, குளவி கொட்டியதென்றால் அது நஞ்சின் கணக்கு, டி (T) 63.4 வரிசைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் "பூச்சிக்கடியாக இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால், புறநோயாளி குறிப்பில் அதைப் பூச்சிக்கடியாகக் கோடிங் செய்ய விதி இடம் தருவதில்லை. தடிப்பு என்ற அறிகுறிக்குரிய ஆர் 21-தான் பொருந்தும். அதுபோலவே, ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துத் தொற்று இருந்ததாக ஊகிக்கக் கூடாது. மார்புச் சுவரில் செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடியிலும் பரவும் கிருமித் தொற்று) என்று மருத்துவரே எழுதியிருந்தால்தான் எல் 03.313 வரும், இல்லையென்றால் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். அப்படிக் கேள்வி வரும்போது சலித்துக்கொள்ளும் மருத்துவர்கள், பக்கம், இடம், தொற்று உண்டா இல்லையா என்ற மூன்றையும் ஒரே வரியில் முதலிலேயே எழுதிவிடலாம்.