கிராண்ட்செஸ்டர்: இரவல் வாங்கிய விகுதி

இங்கிலாந்தில் ‘செஸ்டர்’ என்று முடியும் ஊர்ப்பெயரைக் கண்டால், அங்கே முன்பு ரோமானியரின் கோட்டையோ நகரமோ இருந்ததாகக் கொள்வது வழக்கம். படைமுகாமைக் குறித்த ‘காஸ்ட்ரா’ என்ற லத்தீன் சொல்தான் திரிந்து மான்செஸ்டரிலும் வின்செஸ்டரிலும் ஒட்டிக்கொண்டது. கேம்பிரிட்ஜிலிருந்து ஆற்றோரப் புல்வெளி வழியே நடந்தே போய்விடக்கூடிய கிராண்ட்செஸ்டர் என்ற சிற்றூரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மன்னர் முதலாம் வில்லியம் எடுக்கச் செய்த 1086-ஆம் ஆண்டு நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் இவ்வூரின் பெயர் ‘கிராண்டசேட்டா’. கிராண்டா என்பது ஆறு. ‘சாட்டே’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குக் குடியேறி வாழ்பவர்கள் என்று பொருள். சாமர்செட், டார்செட் ஆகியவற்றின் வாலில் இருப்பதும் அதுவே. ஆக, ஆற்றங்கரை ஆட்களைக் குறித்த பெயர்தான் ஊருக்கு ஆகியிருக்கிறது.

‘சேட்டா’ எப்படிச் ‘செஸ்டர்’ ஆயிற்று? குழப்பத்துக்கு ஒரு பழைய வரலாற்று நூல் துணை போயிற்று. அதன்படி, ஈலி என்ற ஊரில் மடம் நிறுவிய எத்தெல்த்ரித் அரசியை அடக்கம் செய்து 16 ஆண்டுகள் கழித்து, உடலை மாற்றி வைக்கக் கல் தேடி ஈலி மடத்துத் துறவிகள் படகேறினார்கள். பாழடைந்த சிறுநகரம் ஒன்றின் மதிலோரம், மூடி கச்சிதமாகப் பொருந்திய வெள்ளைப் பளிங்குப் பேழை கிடைத்தது. 731-இல் இதை எழுதி முடித்த பீட் என்ற துறவி, அந்நகரை ‘கிராண்டகாஸ்டிர்’ என்கிறார். அது இன்றைய கேம்பிரிட்ஜ். பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனதால், பெருமை பக்கத்துச் சிற்றூருக்குப் போய்விட்டது. எழுத்தும் அதற்கேற்ப மாறிக்கொண்டது.

கேம்பிரிட்ஜின் கதை இதைவிட வேடிக்கை. அது முதலில் கிராண்டா ஆற்றுப் பாலம், ‘கிராண்டபிரிட்ஜ்’. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மானியர் நாவில் ‘கிரா’ தேய்ந்து ‘கா’ ஆகி, பின் ‘கேம்’ ஆயிற்று. பிறகு ஊர்ப்பெயரிலிருந்து பிய்த்து ஆற்றுக்கே கேம் என்று பெயர் சூட்டினார்கள். பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைத்த கதைதான். மேல்பகுதியில் மட்டும் பழைய கிராண்டா இன்னும் ஓடுகிறது.

தமிழில் இவ்வூரைப் பெயர்க்க வேண்டுமானால், ‘செஸ்டர்’ என்பதை நம்பிப் படைவீட்டைக் குறிக்கும் ‘பாடி’யைச் சேர்த்துக் ‘கிராண்டாப்பாடி’ எனலாம். ஆனால் அது பிழை. ‘கிராண்டாக்குடி’ என்பதே சரி. காரைக்குடியில் உள்ள அதே குடி. ‘சாட்டே’யைப் போலவே இந்தச் சொல்லும் வாழும் மக்களையும் அவர்கள் ஊரையும் சேர்த்தே குறிக்கிறது.