பின்வாங்கிப் பின்வாங்கி வென்ற ஐந்தாம் எண்

1997ஆம் ஆண்டு, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்று. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு எதிரே நின்றது பிலடெல்பியா ஃப்ளையர்ஸ். பிலடெல்பியாவின் நம்பிக்கை எரிக் லிண்ட்ரோஸ். உயரம் 6 அடி 4 அங்குலம், எடை 100 கிலோவுக்கு மேல். வழியில் நிற்பவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கோலை நோக்கிப் போவது அவருடைய பாணி. அவரைச் சமாளிக்க டெட்ராய்ட் தன் முரட்டுத் தடுப்பாட்டக்காரர் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவைத்தான் இறக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் இறக்கியது லாரி மர்ஃபியையும், ஐந்தாம் எண் சட்டை அணிந்த நிக்லஸ் லிட்ஸ்டிராமையும். இருவரும் இடித்து விளையாடுபவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அல்லர்.

நான்கு ஆட்டங்களையும் டெட்ராய்ட் வென்றது. லிண்ட்ரோஸ் அடித்தது ஒரே ஒரு கோல். அதுவும் நான்காவது ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தபோது அடித்தது.

லிட்ஸ்டிராமைப் போலச் சுமார் 86 கிலோ எடையுள்ள ஒருவர், 100 கிலோவுக்கு மேற்பட்ட ஒருவரை அதிகம் தொடாமலேயே எப்படிக் கட்டிப்போட முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் பனிக்கட்டி, எஃகு விளிம்பு, கோண அளவு, தசைக்குள் இருக்கும் எரிபொருள் என்று பல இடங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. போய்வருவது வீண் போகாது.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். போட்டிகள் நடக்கும் பனித்தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஓர் அணியிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்து வீரர்களும் ஒரு கோல்கீப்பரும் களத்தில் இருப்பார்கள். ஐவரில் மூவர் முன்கள வீரர்கள், இருவர் தடுப்பாட்டக்காரர்கள். தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள். பந்துக்குப் பதிலாக இங்கே பக் என்னும் ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் கொண்ட அதை ஆட்டத்துக்கு முன் உறைய வைத்துவிடுவார்கள். குளிர்ந்த ரப்பருக்குத் துள்ளல் குறைவு; பனியில் படிந்து வழுக்கிப் போகும்.

தடுப்பாட்டக்காரரின் வேலை பெரும்பாலும் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே நடக்கிறது. எதிரி முகத்துக்கு நேரே பாய்ந்து வருகிறான். இவர் அவனைப் பார்த்தபடியே பின்வாங்குகிறார். இதை முதன்முறை பார்க்கும்போது ஏதோ பயந்து ஒதுங்குவதுபோலத் தோன்றும். அந்தப் பின்வாங்கலில்தான் இந்த ஆட்டத்தின் மிக நுட்பமான அறிவியல் ஒளிந்திருக்கிறது என்பேன்.

பனி ஏன் வழுக்குகிறது என்பதற்கு, ஆளின் எடை அழுத்திப் பனியை உருக்குகிறது என்றுதான் பழைய பாடநூல்கள் சொல்லின. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அழுத்தம் போதவில்லை. பனியின் உள்ளே இருக்கும் நீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் அண்டை மூலக்கூறுகளோடு கைகோத்து நிற்கின்றன. மேற்பரப்பில் இருப்பவற்றுக்கோ மேலே கைகொடுக்க ஆளில்லை. அதனால் அவை தளர்ந்து, உறைநிலைக்குக் கீழேகூட நகரக்கூடிய மெல்லிய படலமாக இருக்கின்றன. இத்தகைய படலம் பனிமேல் இருக்க வேண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொல்லிவிட்டார். சறுக்குக் காலணியான ஸ்கேட்டின் அடி இரும்பு உராயும்போது எழும் வெப்பமும் இதற்குத் துணை சேர்கிறது.

வழுக்கினால் மட்டும் போதாது, உந்தித் தள்ளப் பிடிமானமும் வேண்டும். ஸ்கேட்டின் இரும்பு சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன் அடிப்பக்கத்தை நடுவில் குழிவாகச் சாணை பிடிப்பார்கள். அதனால் ஒரே இரும்பில் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூர்முனைகள் கிடைக்கின்றன. நீளவாக்கில் அது தடையின்றி வழுக்கும். பக்கவாட்டில் பனியைக் கவ்வும். பின்னோக்கிப் போகும் வீரர் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலின் உள்விளிம்பால் பனியில் அரைவட்டம் கீறுகிறார். முன்னும் வெளியுமாக அவர் பனியைத் தள்ள, பனி அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிறகு அடுத்த கால், அடுத்த அரைவட்டம். ஆட்டம் நடந்த தளத்தைக் குனிந்து பார்த்தால் இந்த அரைவட்டக் கீறல்கள் வரிசையாகத் தெரியும். நியூட்டனின் மூன்றாம் விதி அங்கே பனியில் எழுதிக் கிடக்கிறது.

ஆனால் முன்னோக்கி ஓடும்போது கிடைக்கும் முழு உதைப்பு இதில் கிடைப்பதில்லை. இடுப்பும் முழங்காலும் முழுதாக நீள்வதற்குள் அரைவட்டம் முடிந்துவிடுகிறது. ஆகவே பின்னோக்கிச் செல்பவர் எப்போதும் மெதுவானவர். எதிரி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வர, இவர் 7 மீட்டர் வேகத்தில் பின்வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இடையில் இருக்கும் தூரம் நொடிக்கு 3 மீட்டர் குறைகிறது. நாலரை மீட்டர் இடைவெளியோடு தொடங்கினால் ஒன்றரை நொடியில் இருவரும் ஒரே இடத்தில். அதற்குள் இவர் உடலைத் திருப்பி முன்னோக்கி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். முந்தித் திரும்பினால் எதிரி மறுபக்கம் வெட்டிப் போய்விடுவான். பிந்தித் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் இருப்பான். இடைவெளி அதிகமாக இருந்தாலும் ஆபத்துதான். நின்று நிதானமாக அடிக்க இடம் கொடுத்ததாகிவிடும். மட்டையை நீட்டினால் பக்கைத் தொடும் தூரத்துக்குச் சற்று அப்பால் எதிரியை வைத்திருப்பதே தடுப்பாட்டக்காரரின் மூச்சு.

அந்தத் தூரத்தில் வைத்துக்கொண்டு லிட்ஸ்டிராம் என்ன செய்தார்? எதிரிக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். எப்போதும் ஓரத்துப் பலகையை ஒட்டிய வழி. இதில்தான் கோணக் கணக்கு வருகிறது. கோலின் அகலம் 6 அடி, அதாவது 1.83 மீட்டர். நேர் எதிரே 10 மீட்டரில் நின்று பார்ப்பவனுக்குக் கோல் ஏறக்குறைய பத்தரை டிகிரி விரிந்து தெரியும். அதே 10 மீட்டர் தூரத்தில், நேர்கோட்டிலிருந்து 60 டிகிரி ஓரமாக நின்றால் அந்த விரிவு பாதியாகக் குறைந்து 5 டிகிரிக்குச் சற்று மேலே வந்துவிடுகிறது. எதிரி வேகம் குறையாமல்தான் வருகிறான். ஒவ்வொரு அடிக்கும் அவன் கண்முன் கோல் சுருங்கிக்கொண்டே போகிறது. அந்தச் சுருங்கிய இடத்தையும் கோல்கீப்பரின் உடல் அடைத்துவிடுகிறது. லிண்ட்ரோஸின் எடை இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை. இடிப்பதற்கு எதிரே ஓர் ஆள் கிடைத்தால்தானே எடைக்கு வேலை!

இடிக்காமல், காலைத் தட்டிவிடாமல், மட்டையால் கொக்கி போட்டு இழுக்காமல் தடுத்தார் என்பதற்குச் சாட்சியாக ஓர் எண்ணிக்கை இருக்கிறது. விதி மீறியவரை, பெரும்பாலும் இரண்டு நிமிடம், வெளியே உட்கார வைப்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். 1,564 லீக் ஆட்டங்களில் லிட்ஸ்டிராம் பெற்ற தண்டனை மொத்தம் 514 நிமிடம். ஆட்டத்துக்கு 20 நொடி. எதிரணியின் மிகச் சிறந்த வீரர்களையே இரவுதோறும் எதிர்கொண்டவரின் கணக்கு இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தடுப்பாட்டக்காரர் தாக்கவும் வேண்டும். எதிரணியின் நீலக்கோட்டருகே நின்று அவர் அடிப்பதை ஸ்லாப் ஷாட் என்பார்கள். மட்டையை ஓங்கி இறக்கும்போது அது முதலில் தொடுவது பக்கை என்றுதான் தோன்றும். உண்மையில் பக்குக்குச் சற்று முன்னதாகவே அது பனியை அறைகிறது. உடலின் எடை மேலிருந்து அழுத்த, மட்டையின் தண்டு வில்போல வளைகிறது. அந்த வளைவில் ஆற்றல் சேர்கிறது. மட்டையின் அடி அலகு பக்கைத் தொட்டுத் தள்ளும், நொடியில் நூறில் சில பங்கே ஆன நேரத்தில் தண்டு நிமிர்ந்து, சேர்த்து வைத்ததைப் பக்கிடம் ஒப்படைக்கிறது. 2.06 மீட்டர் உயரமுள்ள ஸ்லோவாக்கியத் தடுப்பாட்டக்காரர் ஸ்டெனோ சாரா 2012இல் ஒரு திறன் போட்டியில் இப்படி அடித்த பக் மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. மணிக்கு 160 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் நீலக்கோட்டிலிருந்து கோல்கோட்டுக்கு உள்ள 64 அடியை அது அரை நொடிக்குள் கடந்துவிடும். அதில் கோல்கீப்பரின் கண்ணும் மூளையுமே ஏறக்குறைய 0.2 நொடியை எடுத்துக்கொள்ளும்.

லிட்ஸ்டிராமின் அடி அவ்வளவு வேகமானதன்று. ஆனால் டெட்ராய்ட்டின் ஜோ லூயிஸ் அரங்கத்தில், கோலுக்குப் பின்னால் இருந்த பலகைகள் பக்கை நன்றாகத் திருப்பி எறியும் என்பது அவருக்குத் தெரியும். வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடிப்பார். பக் பலகையில் மோதி, கண்ணாடியில் பட்ட ஒளிபோலக் கோலின் மறுபுறம் திரும்பி வரும். அங்கே கூட்டாளி ஒருவர் காத்திருப்பார். கோல்கீப்பர் இன்னும் முதல் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். நேராகவும் அடிக்கத் தெரியும். 2006 பிப்ரவரி 26, டுரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். ஸ்வீடனும் ஃபின்லாந்தும் 2–2. மூன்றாம் பகுதி தொடங்கிப் பத்தாவது நொடியில் அவர் அடித்த ஸ்லாப் ஷாட் ஸ்வீடனுக்குத் தங்கத்தைக் கொண்டுவந்தது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. வீரர்கள் 45 நொடி அளவில் ஆடிவிட்டு வெளியேற, அடுத்த ஜோடி குதித்து இறங்கும். காரணம் தசைக்குள் இருக்கிறது. முழு வேகத்துக்கான உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் என்னும் வேதிப்பொருள் பத்து நொடி அளவிலேயே பெருமளவு தீர்ந்துவிடும். அதன்பின் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை எரிக்கும் வழிக்குத் தசை தாவுகிறது. அது வேகமான வழி. ஆனால் தொடையை எரிய வைத்துக் கனக்கச் செய்துவிடும். வெளியே உட்காரும் சில நிமிடங்களில் முதல் எரிபொருள் மறுபடி ஊறுகிறது. 60 நிமிட ஆட்டத்தில் லிட்ஸ்டிராம் தன் உச்சக் காலத்தில் சராசரியாக 25 நிமிடங்களுக்கு மேல் பனியில் இருந்தார். வீணாக ஓர் அடிகூட வைக்காதவரால்தான் இது முடியும்.

இந்தச் சிக்கனம்தான் அவருக்கு 20 பருவங்களைக் கொடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிர்ப்பக்கத்தில் பாபி ஆரை வைத்துப் பாருங்கள். கனடாவின் பாரி சவுண்டில் பிறந்த ஆர், தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே இரண்டு பருவங்களில் லீகிலேயே அதிகப் புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையைத் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் வென்றவர். அவரைப்போல வேகமாகத் தளம் முழுதும் பாய்ந்தவர் அதற்குமுன் இல்லை. அந்தப் பாய்ச்சலுக்கு இடது முழங்கால் விலை கொடுத்தது. தொடையெலும்புக்கும் கீழ்க்காலெலும்புக்கும் நடுவே பிறை வடிவக் குருத்தெலும்புத் திண்டுகள் இரண்டு இருக்கின்றன. எடையைப் பரவலாகத் தாங்குவது அவற்றின் வேலை. கிழிந்த திண்டை வெட்டி எடுத்துவிடுவது அக்கால மருத்துவம். திண்டு போனால் அதே எடை சிறிய பரப்பில் குவிந்து எலும்பு முனைகளைத் தேய்த்துவிடும். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பின் ஆர் 1978இல், முப்பதே வயதில், 657 ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார். பிற்காலத்து நுண்துளை அறுவை சிகிச்சை அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

லிட்ஸ்டிராமின் கதை நேர் எதிரானது. ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் நகரில் ஆடிக்கொண்டிருந்த அவரை, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் 1989ஆம் ஆண்டுத் தேர்வில், டெட்ராய்ட் 53ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தது. முதல் நாரிஸ் கோப்பை வந்தபோது வயது 31. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் இரண்டாம் இடம். ஏழாவது கோப்பை வந்தபோது வயது 41. வேகம் இருபதுகளிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். எதிரியின் தோள் சாய்வையும் மட்டையின் பிடியையும் பார்த்து அடுத்த நொடியைக் கணிக்கும் திறனோ ஆட ஆடத்தான் கூடுகிறது. பாதி நொடி முன்னதாகத் தெரிந்துகொண்டவருக்கு வேகமாக ஓட வேண்டிய தேவையே குறைவு.

2012 தொடக்கத்தில் கணுக்காலில் ஏற்பட்ட காயம் அவரை 11 ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தது. அந்தப் பருவம் முடிந்தபின் மே 31 அன்று ஓய்வை அறிவித்தார். அப்போது வயது 42. இந்த அளவில் ஆடுவதற்கு வேண்டிய உந்துதல் தன்னிடம் இனி இல்லை என்றார். பிறகு குடும்பத்தோடு வெஸ்டெரோஸுக்கே திரும்பிவிட்டார். அவருடைய ஐந்தாம் எண்ணை டெட்ராய்ட் அணி 2014 மார்ச்சில் அரங்கத்தின் கூரையில் ஏற்றியது. அந்தச் சட்டையை இனி வேறு யாரும் அங்கே அணிவதில்லை.